குரூசர் வண்டிக்கு கேம் வாங்கும் முன், இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது என்று கேளுங்கள்

சைலன்சரை மாற்றி ஏர் ஃபில்டரையும் மாற்றி முடித்த கையோடு, ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டோ மீட்டியோரோ வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, கேம் மாத்தலாமா? எது போட்டா நல்லா இழுக்கும்?" மாற்றலாம். (கேம் என்பது, சுழலும்போது லோப் என்ற தன் மேட்டால் என்ஜின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு. இன்லெட் வால்வு பெட்ரோல் கலவையை உள்ளே விடும், எக்ஸாஸ்ட் வால்வு புகையை வெளியே விடும்.) ஆனால் எது என்பதை வண்டியின் பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாது, நீங்கள் எந்த ரோட்டில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, எந்த ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது) ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்காக, நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என்னுடையது தண்டர்பேர்ட் 350, ட்வின்ஸ்பார்க், 346 சிசி யூசிஇ என்ஜின், அதாவது என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வகை. சில வருடங்களுக்கு முன்பு வெளியூர்க் கடை ஒன்றில், பழைய கேமையே தேய்த்து வேறு வடிவத்துக்குக் கொண்டுவந்த ஒரு ஜோடி கேம் வாங்கினேன். அளவுகள் எழுதிய அட்டை எதுவும் கூட வரவில்லை, "லிஃப்ட் அதிகம், டாப் எண்ட் பறக்கும்" என்ற வாய் வார்த்தை மட்டும்தான். லிஃப்ட் என்றால் வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது, டாப் எண்ட் என்றால் அதிக ஆர்பிஎம். பைபாஸில் உண்மையாகவே பறந்தது. அடுத்த ஞாயிறு மனைவியை ஏற்றிக்கொண்டு ஏற்காடு கிளம்பினோம். அடிவாரம் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் வந்ததும் வண்டி செத்துப்போனது மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் இரண்டாவது கியரில் தடதடவென்று ஏறும் வளைவில் முதல் கியருக்கு இறங்கி, கிளட்சை அரைப்பிடியில் வைத்துத் தூக்க வேண்டியிருந்தது. நாலாயிரம் கிலோமீட்டருக்குள் டிக் டிக் என்று சத்தம். திறந்து பார்த்தால் லோப் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். ஏன் இப்படி ஆனது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கட்டுரை முடிந்தது.

முதலில் என்ஜின் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே "350" என்ற பெயரில் மூன்று நான்கு விதமான என்ஜின்கள் ரோட்டில் ஓடுகின்றன, ஒன்றின் கேம் இன்னொன்றில் சேராது. பழைய இரும்பு பேரல் புல்லட்டில் இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று என்று கீழே டைமிங் கவருக்குள் இரண்டு கேம்கள், பல்சக்கரத்தில் ஓடும், புஷ்ராடு என்ற கம்பி வழியாக, வால்வை அமுக்கும் ராக்கரைத் தள்ளும். யூசிஇ என்ஜினும் புஷ்ராடுதான், ஆனால் கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவில், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே ஈடுகட்டும் ஹைட்ராலிக் லிஃப்டர், அதனால் டாப்பெட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்யும் வேலை கிடையாது. 2020 நவம்பரில் மீட்டியோரோடு வந்த 349 சிசி என்ஜினில் கேம் மேலே ஹெட்டுக்குப் போய்விட்டது, ஒரே கேம், செயினில் ஓடுகிறது. சூப்பர் மீட்டியோர் 650-ல் இருக்கும் 648 சிசி இரட்டை சிலிண்டரிலும் ஹெட்டில் ஒரே கேம்தான், சிலிண்டருக்கு நான்கு வால்வு. ஹார்லி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ட்வின் கேம் என்ற என்ஜினில் இரண்டு கேம், 2017 மாடலிலிருந்து வந்த மில்வாக்கி எய்ட்டில் ஒன்றே ஒன்று, ஸ்போர்ட்ஸ்டர் எவல்யூஷனில் நான்கு.

வண்டியின் வருடம், என்ஜின் நம்பர், கார்பரேட்டரா ஃபியூவல் இன்ஜெக்‌ஷனா, இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேச ஆரம்பியுங்கள்.

அதே நாளில் என்ஜின் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜினுக்குப் புதுக் கேம் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பது போலத்தான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: யூசிஇ-யில் எக்ஸாஸ்ட் கேமோடு ஆட்டோ டீகம்ப்ரஷன் இருக்கிறது, ஸ்டார்ட் ஆவதற்குச் சுற்றும் மெதுவான வேகத்தில் அது வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், அதனால் கம்ப்ரஷன் கேஜில் அளவு குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து ரிங் மாற்றியவர்கள் உண்டு. காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் இதற்கு நல்லது.

உங்கள் ரைடு எந்த ஆர்பிஎம்மில் நடக்கிறது?

இதை ஊகத்தில் விடாதீர்கள். டாக்கோமீட்டர் இருந்தால் ஒரு வாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகிறது என்று தரையில் சாக்பீஸ் கோடு போட்டு உருட்டி அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலான குரூசர்களில் 2 மீட்டரை ஒட்டி வரும். மேனுவலில் இருக்கும் பிரைமரி, கியர், செயின் ஸ்பிராக்கெட் விகிதங்களைப் பெருக்கினால் அந்தக் கியரின் மொத்த விகிதம் கிடைக்கும். உதாரணத்துக்கு மொத்த விகிதம் 6, சக்கரச் சுற்றளவு 2.06 மீட்டர் என்று வையுங்கள். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,333 மீட்டர். அதை 2.06-ஆல் வகுத்தால் சக்கரம் 647 சுற்று, அதை 6-ஆல் பெருக்கினால் என்ஜின் சுமார் 3,900 ஆர்பிஎம்.

நம் ஊர் ரோடுகளுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஏற்காடு மெயின் ரோட்டில் 20 கொண்டை ஊசி, ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் ஒரு வேன். மே மாதக் கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். குப்பனூர் வழியாகப் போனாலும் வளைவில் வேகம் எடுக்க முடியாது. என்ஜின் பெரும்பாலும் 2,000-க்கும் 3,500-க்கும் நடுவில்தான் நிற்கும். தொப்பூர் கணவாய் வழியாக தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு 3,500-லிருந்து 4,500 வரை போகலாம். யூசிஇ 350-ன் கம்பெனிக் கணக்கே 28 என்எம் டார்க் 4,000 ஆர்பிஎம்மில், 19.8 பிஎச்பி 5,250-ல். அந்த 5,250-ஐ நீங்கள் ஒரு நாளில் எத்தனை நிமிடம் தொடுகிறீர்கள் என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். தொடாத இடத்தில் கூடும் இரண்டு பிஎச்பிக்காக தினமும் ஓட்டும் இடத்தில் இழுவையை இழந்தேன், அதுதான் நான் செய்த தவறு.

கேம் கார்டைப் படிக்கும் விதம்

நல்ல கேம் எதுவானாலும் ஒரு அளவு அட்டையோடு வரும். இதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம் டிடிசி, அடியில் நிற்கும் இடம் பிடிசி. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, ஆனால் கார்டில் வால்வு திறந்து மூடும் இடங்களைக் கிராங்க் டிகிரியில்தான் எழுதியிருக்கும். இப்போது நானே இரண்டு கேம்களைக் கற்பனையாக எழுதுகிறேன்.

முதல் கேம்: இன்லெட் டிடிசிக்கு 10 டிகிரி முன்பு திறக்கிறது, பிடிசிக்கு 32 டிகிரி பின்பு மூடுகிறது. எக்ஸாஸ்ட் பிடிசிக்கு 45 முன்பு திறந்து, டிடிசிக்கு 5 பின்பு மூடுகிறது.

இரண்டாவது கேம்: இன்லெட் 20 முன்பு, 50 பின்பு. எக்ஸாஸ்ட் 55 முன்பு, 18 பின்பு.

இன்லெட் டியூரேஷன், அதாவது வால்வு எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பது, முதல் கேமில் 10 + 180 + 32, அதாவது 222 டிகிரி. இரண்டாவதில் 250. இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஓவர்லாப் முதலில் 15, அடுத்ததில் 38. இன்லெட் லோபின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோபின் உச்சிக்கும் நடுவில் உள்ள, லோப் செப்பரேஷன் என்று கடைக்காரர்கள் சொல்லும் கோணத்தைக் (இது மட்டும் கேம் டிகிரியில்) கணக்குப் போட்டால் முதலில் 105.5, இரண்டாவதில் 106.75. கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆனால் ஓவர்லாப் இரண்டரை மடங்கு. "லோப் செப்பரேஷன் ஸ்டாக் (கம்பெனி கேம்) மாதிரியே இருக்கு, பயப்படாதீங்க" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போது என் பார்வையில் கார்டிலேயே முக்கியமான எண்: இன்லெட் எப்போது மூடுகிறது, 32-ஆ 50-ஆ? பிஸ்டன் அடிக்கு வந்து திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் இன்லெட் திறந்தே இருக்கிறது. அதிக ஆர்பிஎம்மில் உள்ளே பாய்ந்து வரும் காற்றுக்கு ஒரு வேகம் இருக்கும், பிஸ்டன் ஏறினாலும் அது உள்ளே திணித்துக்கொண்டே வரும், அதனால் தாமதமாக மூடினால் லாபம். குறைந்த ஆர்பிஎம்மில் அந்த வேகம் இல்லை, ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையையே வெளியே தள்ளிவிடும். 90 மிமீ ஸ்ட்ரோக் உள்ள யூசிஇ மாதிரி என்ஜினில், 32 டிகிரியில் மூடினால் அமுக்குவதற்குக் கிட்டத்தட்ட 85 மிமீ ஸ்ட்ரோக் மிச்சம் இருக்கும். 50-ல் மூடினால் 77 மிமீ சொச்சம்தான். காகிதத்தில் 8.5-க்கு 1 என்றிருக்கும் கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற விகிதம்), முதல் கேமில் சுமார் 8 ஆக வேலை செய்கிறது, இரண்டாவதில் 7.5-க்கு இறங்கிவிடுகிறது. வளைவில் என் வண்டி செத்துப்போனதற்கு இந்த அரைப் புள்ளி போதும்.

அதோடு மலை வேறு இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு ஊர் சுமார் 1,500. இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. மேலே போகப் போக எந்த என்ஜினும் தானாகவே கொஞ்சம் இழுவையை விடும், அதோடு கேமும் விட்டால் டபுள்ஸ் போகும்போது நன்றாகவே தெரியும்.

ஆகவே, மலையும் டவுனும் ஓட்டுகிற, கம்ப்ரஷன் மாற்றாத கனமான குரூசருக்கு இன்லெட் 30-களில் மூடும் கேமைத் தேடுங்கள். 40-ஐத் தாண்டினால் கூடவே கம்ப்ரஷனையும் ஏற்றினால்தான் அர்த்தம்.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. டியூரேஷனை எந்த லிஃப்டில் அளந்தார்கள் என்று பாருங்கள். சிலர் வால்வு அசைய ஆரம்பித்ததிலிருந்து அளப்பார்கள், எண் பெரிதாகத் தெரியும். பலர் 1.27 மிமீ லிஃப்டில் அளப்பார்கள், ஹார்லி உலகத்தில் 0.053 இன்ச், அதாவது சுமார் 1.35 மிமீ. நான் மேலே எழுதியது எல்லாம் 1.27 கணக்கில். ஒருவர் 1.27-ல் அளந்ததையும் இன்னொருவர் பூஜ்யத்திலிருந்து அளந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும். லிஃப்ட் விஷயத்திலும் இதே கதை: லோப் லிஃப்டா, ராக்கர் விகிதத்தால் பெருக்கிய வால்வு லிஃப்டா என்று கேளுங்கள். லிஃப்டைக் கொஞ்சம் கூட்டி டியூரேஷனை அளவோடு வைத்த கேம்தான் ரோடு வண்டிக்குப் பெரும்பாலும் ஒத்துவரும்.

எங்கே வாங்குவது, எதைத் தவிர்ப்பது

என்ஃபீல்டு என்ஜின்களுக்கு இங்கிலாந்தின் ஹிட்ச்காக்ஸ் நெடுங்காலமாகக் கேம் விற்கிறது. ஹார்லிக்கு எஸ் அண்ட் எஸ், ஆண்ட்ரூஸ், ஃபியூலிங் என்று நிறைய இருக்கிறது. இறக்குமதி என்பதால் சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள், கேஸ்கட், ஓ ரிங் எல்லாம் அதே பார்சலில் வரவழைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கேஸ்கட்டுக்காக வண்டி மாதக்கணக்கில் பிரிந்து கிடக்கும்.

தேய்த்து வடிவம் மாற்றிய கேம் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு விஷயத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள். லோபின் மேல் தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது, தேய்க்கும்போது அந்தத் தோல் போய்விட்டால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு சீக்கிரம் குழி விழும். தேய்த்த பிறகு திரும்பக் கடினப்படுத்தினார்களா? இரண்டாவது, லிஃப்டைக் கூட்ட வேண்டுமென்றால் லோபின் வட்டமான அடிப்பகுதியைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும், அந்த வட்டம் சிறிதானால் லிஃப்டர் கீழே இறங்கிவிடும், ஹைட்ராலிக் லிஃப்டர் ஈடுகட்டக்கூடிய எல்லையைத் தாண்டினால் டிக் டிக். நீளமான புஷ்ராடு தேவைப்படும். என் கேமில் இரண்டுமே நடந்திருந்தது. சேலத்தில் குகை என்ற பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி லோபைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தோலை உரிச்சிட்டு சட்டையைக் குடுக்காம அனுப்பிட்டாங்க." அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

யூசிஇ-க்கு வாங்குகிறவர்கள், புது எக்ஸாஸ்ட் கேமில் டீகம்ப்ரஷன் இருக்கிறதா, அல்லது பழையதிலிருந்து மாற்றிப் பொருத்த முடியுமா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் செல்ஃப் ஸ்டார்ட் மோட்டாரை என்ஜினோடு இணைக்கும் ஸ்பிராக் கிளட்சுக்கு அடி விழும்.

பொருத்தும் முன் அளப்பது

இந்த இடத்தில் அவசரப்படுகிற மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். "போட்டுட்டுப் பாத்துக்கலாம்" என்றால் வால்வு பிஸ்டனில் இடித்த பிறகுதான் பார்ப்போம்.

வால்வு முழுசாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது, குறைந்தது 1.5 மிமீ மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங் மேல் மூடிக்கும் வால்வு கைடு சீலுக்கும் நடுவிலும் அதே அளவு. இல்லையென்றால் கேமுக்கு ஏற்ற ஸ்பிரிங் செட்டையும் சேர்த்து வாங்க வேண்டியதுதான்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க குழந்தைகள் விளையாடும் கிளே போதும். பிஸ்டன் தலையில் மெல்லிசாக ஒட்டி, ஹெட்டை மாட்டி, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றிக் கழற்றி, அமுங்கிய இடத்தை வெட்டி அளந்து பாருங்கள். இன்லெட்டுக்கு 2 மிமீ, எக்ஸாஸ்டுக்கு 2.5 மிமீ என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. கேம் தயாரிப்பாளர் தன் அட்டையில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பிடியுங்கள். வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது பிஸ்டன் தூரத்தில் இருக்கும், ஆபத்து ஓவர்லாப் சமயத்தில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போதுதான். அதனால் டிடிசி-யில் எவ்வளவு லிஃப்ட் என்ற எண் கார்டில் இருந்தால் அதையும் ஸ்டாக்கோடு ஒப்பிடுங்கள். ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள என்ஜினில் எண்ணெய் இல்லாத லிஃப்டர் அமுங்கிப்போய்த் தப்பான இடைவெளி காட்டும், அளக்கும் வரைக்கும் கெட்டியான லிஃப்டரோ மென்மையான செக்கிங் ஸ்பிரிங்கோ போட்டுக்கொள்ள வேண்டும்.

டைமிங் புள்ளிகளை ஒத்து வைத்ததோடு நிறுத்தாமல், கிராங்கின் கோணத்தைக் காட்டும் டிகிரி வீலும் வால்வின் அசைவை அளக்கும் டயல் கேஜும் வைத்து இன்லெட் மூடும் இடத்தை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். கார்டில் 32 என்று எழுதியிருந்து உங்கள் என்ஜினில் 38 வந்தால், நீங்கள் வாங்கியது வேறு கேம், ஓட்டப்போவது வேறு கேம். ட்வின் கேம் ஹார்லியில் கை வைக்கிறவர்கள் அதே கையோடு உள் கேம் பேரிங்கையும் செயின் டென்ஷனரையும் பாருங்கள், 1999-லிருந்து 2006 வரை வந்த பெரும்பாலான மாடல்களில் ஸ்பிரிங் டென்ஷனரின் ஷூ தேய்வது எல்லோருக்கும் தெரிந்த நோய்.

லோப் முகத்தில் அசெம்பிளி லூப் என்ற கெட்டியான மசகை தாராளமாகத் தடவுங்கள். ஆயிலையும் புதிதாக ஊற்றுங்கள்.

கேம் மட்டும் போட்டால் போதாது

பிஎஸ்6 இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்லெட் வழியில் இருக்கும் அழுத்த சென்சாரைப் பார்த்துத்தான் என்ஜினை நடத்தும் கணினியான ஈசியூ பெட்ரோலைக் கணக்குப் போடுகிறது. ஓவர்லாப் கூடினால் ஐட்லிங்கில் வெற்றிடம் குறையும், சென்சார் "லோடு ஏறிவிட்டது" என்று நினைத்துக்கொள்ளும், வண்டி தடுமாறும். ஈசியூ மேப்பிங்குக்கு யாரிடம் போவது, எவ்வளவு ஆகும் என்று கேம் வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கார்பரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் போகும் துளையான ஜெட்டை மாற்றி செட்டிங் செய்தால் ஆகிவிடும்.

சீக்கிரம் மூடும் கேமுக்கும் ஒரு கவனம் வேண்டும். சிலிண்டர் அழுத்தம் கூடுவதால் சித்திரை வெயிலில், டபுள்ஸில், ஆக்சிலரேட்டரைத் திறந்து ஏறும்போது நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து என்ஜினுக்குள் தட்டும் சத்தம்) வரலாம். அப்படிக் கேட்டால் எக்ஸ்பி95 மாதிரி உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பாருங்கள், ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு வைக்க வேண்டும். அலட்சியமாக ஓட்டினால் பிஸ்டனுக்குத்தான் கேடு.

வாரண்டி இருக்கும் வண்டியில் இதைத் தொடாதீர்கள். ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிசி கூட்டும் வேலை நேராக இதில் மாட்டும். கேம் ஆர்சியில் எழுதப்படும் விவரம் இல்லைதான், ஆனாலும் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து வைப்பது நல்லது. ஸ்டாக் கேமை ஆயில் தடவி, துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

முதல் 500 கிலோமீட்டருக்கு ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், பிறகு ஆயிலை மாற்றுங்கள், வடித்த ஆயிலில் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். மெல்லிய பசை மாதிரி ஒட்டினால் பரவாயில்லை, மினுமினுக்கும் துகள் ஒட்டினால் உடனே திறந்து பார்த்துவிடுங்கள். டாப்பெட் அட்ஜஸ்ட் உள்ள என்ஜின் என்றால் அப்போதே இடைவெளியையும் பாருங்கள்.

அப்புறம் மலைக்குப் போங்கள். போகும்போது ஸ்டாக் கேமில் எந்த வளைவை எந்தக் கியரில் ஏறினீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அதே ஆளை ஏற்றிக்கொண்டு அதே நேரத்தில் ஏறி ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலே ஏரிக்கரையில் நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும், கார்பரேட்டர் வண்டி என்றால் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும், காற்று மெலிந்த இடத்தில் பெட்ரோல் கூடிப்போகிறது. அதைப் பார்த்து அங்கேயே ஜெட்டைக் குறைத்துவிடாதீர்கள். கீழே இறங்கி சேலம் அஸ்தம்பட்டி வெயிலுக்கு வந்ததும் அதே செட்டிங்கில் பெட்ரோல் பத்தாமல் என்ஜின் கொதிக்கும். செட்டிங்கை சேலத்திலேயே, நல்ல வெயில் நேரத்தில், என்ஜின் சூடான பிறகு முடித்துவிட்டு மலை ஏறுங்கள்.